வெள்ளிக்கிழமை குளித்த லொறி

என் மாமி, அதாவது மனைவியின் தாய், என் முகம் பார்த்துப் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையும் பேசாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது மரியாதையில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார்கள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வார்கள், வாசல் தூணிடம் சொல்வார்கள், தண்ணீர்க் குடத்திடம் சொல்வார்கள். மருமகன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மரியாதை என்று பெயர். ஆனால் என் மாமி கோழியைப் பார்த்து என்னைத் திட்டிய திட்டில் மரியாதை எந்த மூலையில் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நேரே திட்டினால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லலாம். கோழியைத் திட்டும்போது நான் குறுக்கே புகுந்தால், அந்தக் கோழி நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். நான் கிரான் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் லொறி ஓட்டும் லைசன்ஸோடும் போனவன். வீடு மனைவியுடையது. வயல் மாமியுடையது. முற்றத்தில் நின்ற லொறியும் மாமியுடையதுதான். எனக்கென்று அங்கே இருந்தது அந்த லொறியின் சாரதி ஆசனம் மட்டும். அதில் உட்காரும்வரை நான் அந்த வீட்டு மருமகன். அதிலிருந்து இறங்கினால் அந்த வீட்டில் சோறு தின்கிற ஒரு ஆள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும்படி நடந்துகொண்டார்கள்.

லொறி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்து ஓய்ந்து, பிறகு எங்களிடம் வந்தது. மாமனார் செத்த பிறகு எருமைப் பட்டியை மேய்க்க ஆளில்லை என்று மாமி பட்டியை விற்று அந்த லொறியை வாங்கினார். ஆகவே அவருக்கு அது லொறியே இல்லை, எருமைகளின் வாரிசு. வெள்ளிக்கிழமை பின்னேரம் எருமைகளை வாவிக்கு, எங்கள் பேச்சில் ஆற்றுக்கு, இறக்கிக் குளிப்பாட்டுவது வழக்கமாம். லொறிக்கும் அப்படியே. அச்சு மூழ்கும்வரை அதைத் தண்ணீருக்குள் ஓட்டி நிறுத்தி, வைக்கோல் சுருணையால் தேய்த்து, மேலேறி வந்ததும் நெற்றியில் விபூதியும் சந்தனமும் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். வாவித் தண்ணீர் உப்புக் கலந்தது, இரும்பு துருப்பிடிக்கும் என்று ஒருமுறை மனைவி மூலம் சொல்லி அனுப்பினேன். தூணிடமிருந்து பதில் வந்தது.

"இத்தன வருசமா எருமையள் ஆத்துக்க கிடந்துதுகளே, ஏதாவது ஒண்டு கறள் பிடிச்சதா?"

அடுத்த வெள்ளிக்கிழமையும் லொறி குளித்தது.

லொறியை இயக்கும் கைப்பிடியை, முன்னால் செருகிச் சுழற்றும் இரும்பு ஹேண்டிலை, மாமி இரவில் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வார். விடிந்ததும் அது வாசற்படியில் கிடக்கும். அன்றைக்கு யார் ஓட்ட வேண்டுமோ அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வரும்வரை அதை எடுத்தவன் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவனுக்கும் ஊரின் மறு கோடியில் ஒரு மனைவி வீடு இருந்தது. அங்கே போய்ச் சாப்பிடுவான், படுப்பான். மீதி நேரமெல்லாம் தாய் வீட்டு முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கியரை முறித்து ஒரு போகம் லொறி படுத்துக் கிடந்ததால்தான் லைசன்ஸ் உள்ள மருமகன் தேடினார்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அவன் அதை மறக்கவில்லை. நானும் அவனை மறக்க விடவில்லை. இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக் கூடாது.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெற்றோல் பங்கீட்டில் கிடைத்தது. உதிரிச் சாமான் என்பது காதில் மட்டும் கேட்கும் சொல். பட்டினத்தில் இருந்த கராஜ்காரர்கள் பட்டாள வண்டிகளுக்கடியிலேயே குடியிருந்தார்கள். அப்படியொரு போகத்தில், அறுப்பு நடக்கும்போது, எங்கள் லொறியின் கிளச் இழுக்கத் தொடங்கியது.

முதலில் சின்னதாகத்தான். காலையில் முதல் கியர் போடும்போது கர்ரென்று பல் கடிக்கும். பிறகு பின் கியர் அடியோடு விழ மறுத்தது. மிதியைத் தரைவரை மிதித்தாலும் லொறி நிற்காமல் மெல்ல ஊரும். மச்சான் தன் கண்டுபிடிப்பை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நான் கிளச்சில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டுகிறேனாம். அதனால் கிளச் தேய்ந்துவிட்டதாம்.

அவன் சாரதி என்பது வெறும் பேச்சு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கிளச்சுக்கு வரும் வருத்தம், அதாவது நோய், இரண்டு வகை. ஒன்று வழுக்குவது. இயந்திரம் அலறும், வண்டி ஏறாது. கிளச்சில் காலை வைத்துக்கொண்டு ஓட்டித் தேய்க்கிறவனுக்கு அதுதான் வரும். மற்றது விடாமல் இழுப்பது. மிதித்த பிறகும் இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள பிடி அறாது. முதலாவது பிடிக்காத வருத்தம், மற்றது விடாத வருத்தம். எங்கள் லொறிக்கு வந்தது விடாத வருத்தம். இதை நான் மனைவியிடம் பொறுமையாக விளக்கினேன். அவள் போய்த் தாயிடம் சொன்னாள்.

"பிடிச்சாலும் குற்றம், விட்டாலும் குற்றமெண்டா ஓட்டுறவருக்கு என்னதான் தெரியும் எண்டு கேளு புள்ள," என்றார் மாமி, குடத்தைப் பார்த்து.

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, எங்கள் வீடு. அந்தப் பக்கம் படுவான்கரை, மாமியின் வயல் கிடக்கும் வட்டை. நடுவில் வண்டி வாகனங்களை ஏற்றிக் கயிறு பிடித்து இழுத்துக் கடத்தும் மிதவை. அதை நாங்கள் பாதை என்போம். அன்று சனிக்கிழமை காலை. பாதையில் ஏற்கெனவே ஒரு மாட்டுவண்டி நின்றது, காத்தான்குடி முதலாளி ஒருவருடையது. அறுப்புக் காலத்தில் படுவான்கரையில் சாரனும் சேலையும் விற்று, திரும்பும்போது நெல் வாங்கி வருகிறவர். எங்கள் லொறிக்கு அந்தப் போகத்தில் கிடைத்த ஏற்றமெல்லாம் அவருடைய நெல்தான்.

பாதையில் ஏறுவதற்கு முன் கொஞ்ச தூரம் தண்ணீருக்குள் ஓட வேண்டும். பிறேக் நனைந்துவிட்டது. பழைய கம்பிப் பிறேக், நனைந்தால் பேருக்குத்தான் பிடிக்கும். பலகையில் ஏறியதும் கிளச்சை மிதித்தேன், பிறேக்கை மிதித்தேன். லொறி நிற்கவில்லை. இரண்டு கால்களையும் ஊன்றி ஆசனத்தை விட்டு எழும்பியே நின்றுவிட்டேன். லொறி தன்பாட்டுக்கு மாட்டுவண்டியை நோக்கி ஊர்ந்தது. சுவிச்சை அணைப்பதற்குள் வண்டியின் பின்புறத்தில் போய் முட்டிவிட்டது. மாடுகள் மிரண்டு எம்பியதில் மேலே கிடந்த ஒரு சாரன் பொதி உருண்டு வாவிக்குள் விழுந்தது.

"யா அல்லாஹ், எங்கட சாமான் ஆத்தோட போகுது!" என்று முதலாளி தலையில் கை வைத்தார். பாதைக்காரர்கள் கம்பால் எட்டிப் பொதியை இழுத்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அது பலகையில் கிடந்தது.

லொறியின் பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்த மச்சான் குதித்து இறங்கினான். பொதியைத் தூக்க வந்தான் என்று நினைத்தேன். அவன் வந்தது பேசுவதற்கு.

"நான் எத்தினையோ தரம் சொன்னன் முதலாளி. இவருக்குக் கிளச்சில கால வச்சிக்கிட்டே ஓட்டுற பழக்கம். ஆரு கேட்டா?"

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உங்கட மாமிக்குப் போய்ச் சொல்லுங்க. இனி நீங்க ஓட்டுற லொறியில எங்கட நெல்லு ஏறாது. வேற ஆள் ஓட்டினா ஏத்துவம்."

அன்று பின்னேரம் மாமி வாசல் தூணோடு வெகுநேரம் பேசினார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"வாற சனிக்கு முதல் தெரியணும், வருத்தம் லொறிக்கா ஓட்டுற ஆளுக்கா எண்டு. ஆளுக்கெண்டா ஹேண்டில் மகன்ட கைக்குப் போகும்."

தூண் கேட்டுக்கொண்டது. நானும் கேட்டுக்கொண்டேன்.

நான் முதலில் மிதியைப் பார்த்தேன். கையால் அழுத்தினால் பெருவிரல் அகலத்துக்கு அது சும்மா இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பாரம் தெரிய வேண்டும். சும்மா இறங்குவது அதிகமானால் மிதித்தாலும் கிளச் முழுக்க விலகாது. அது சரியாகத்தான் இருந்தது. என்றாலும் கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கி இழுத்துப் பார்த்தேன். கர்ரென்ற சத்தம் மாறவில்லை. அடுத்து, இயந்திரத்தை மெதுவாக ஓட விட்டு, கிளச்சை மிதித்தபடி நன்றாகக் காத்திருந்து, பின் கியரைத் தள்ளினேன். கிளச் விலகியிருந்தால் உள்ளே சுழலும் தண்டு அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். அடங்கவில்லை. காத்திருந்தாலும் கடித்தது, காத்திராவிட்டாலும் கடித்தது.

மச்சான் தென்னங்குற்றியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். "தடவித் தடவிப் பாக்கிறார். பரிசாரி போல நாடி பிடிக்கிறார்," என்று போகிற வருகிறவர்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தான். மிதியில் கொஞ்சம் கால் வை என்று கேட்டேன். தனக்கு முழங்கால் நோவாம்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, சேலையை இழுத்துச் செருகி, சாரதி ஆசனத்தில் ஏறினாள். அந்தத் தெருவில் ஒரு பெண் அப்படி உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. "கோழி கூரையில ஏறினா இறக்கத் தெரியும்," என்று அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது. மனைவி இறங்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றாத அளவுக்கு எரிச்சலில் இருந்தேன்.

சுவிச் அணைந்திருந்தது, கியர் போட்டிருந்தது. "முழுக்க மிதி," என்றேன். அவள் மிதித்தாள். நான் முன்னால் நின்று ஹேண்டிலைச் செருகிச் சுழற்றினேன். கிளச் விட்டிருந்தால் இயந்திரம் மட்டும் சுற்ற வேண்டும், லொறி அசையக் கூடாது. நான் ஹேண்டிலை அழுத்திய ஒவ்வொரு தடவையும் லொறி என் முழங்காலை நோக்கி ஒரு விரற்கடை ஊர்ந்து வந்தது.

"என்னத் தள்ளிக்கொண்டு வருது, பாக்கிறியா?" என்று கேட்டேன்.

"நான் நல்லாத்தான் மிதிக்கிறன்," என்றாள் அவள் பயந்துபோய்.

"ஓம். நானும் அண்டைக்கு நல்லாத்தான் மிதிச்சன்."

இதை மச்சானுக்குக் கேட்கத்தான் சத்தமாகச் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் வேறொன்று மனதில் தட்டியது. இந்தக் கடி எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில்தான் மோசம். வார நடுவில் ஓடிச் சூடேறிய பிறகு கொஞ்சம் இளகும். மறுபடி சனிக்கிழமை காலையில் இறுகும். ஓட்டுகிறவனின் கால் கெட்டதென்றால் அது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கெட்டுப்போகுமா? சனிக்கு முந்திய நாள் என்ன நடக்கிறதென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

லொறிக்கடியில் புகுந்து படுத்தேன். கிளச்சை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே கசியும் எண்ணெய் தேங்காமல் வெளியேற வைத்த துளை. எண்ணெய் வெளியேற வைத்த வழியால் வாவி உள்ளே போயிருக்கிறது. துளையின் ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் கறள் வடிந்து காய்ந்திருந்தது. நான் அங்கே படுத்தபடியே சிரித்தேன். அந்த வீட்டில் நான் மனம் விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் வடிந்த கறளைக் காட்டினால் மட்டும் மாமி நம்பமாட்டார். தரைப்பலகையைக் கழற்றினால் கூட்டின் தலையில் உள்ளங்கை அளவு ஒரு மூடி. அதைத் திறந்து, மனைவியை மறுபடி மிதிக்கச் சொல்லி, ஒரு ஓலைக்கீற்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டு இரும்புக்கு நடுவே ஒரு தட்டு நெரிபட்டிருக்கும், கிளச் என்பது அவ்வளவுதான். மிதித்தால் பின்னிரும்பு விலகும். நடுத்தட்டு தன் தண்டில் வெட்டியிருக்கும் பற்களில் வழுகிக் கொஞ்சம் பின்னே வர வேண்டும். பின்னிரும்பு ஒழுங்காக, சுற்றிவர ஒரே அளவாக விலகியது. அந்தப் பக்கம் ஓலை வழுகிக்கொண்டு போனது. முன் பக்கம் ஓலை நுழையவில்லை. நடுத்தட்டு முன்னிரும்பைக் கட்டிப் பிடித்தபடி நின்றது. திருப்புளியால் நெம்பினேன், அசையவில்லை. தட்டு தேயவில்லை, வளையவில்லை. தண்டின் பற்களில் கறள் கட்டி, வழுக முடியாமல் நின்றது.

தண்டைக் காட்ட வேண்டுமென்றால் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும். அது ஒரு ஆள் தூக்கும் சாமான் இல்லை. மனைவி தன் அண்ணனிடம் என்ன சொன்னாளோ, முழங்கால் நோவு போய் அவன் வந்தான். உமி மூட்டைகளை அடியில் பரப்பி, கயிற்றைப் போட்டு, இருவரும் லொறிக்கடியில் தோளோடு தோள் படுத்தோம். கல்யாணம் முடிந்து அவனோடு அவ்வளவு நெருங்கிக் கிடந்தது அதுதான் முதல் தடவை. வெற்றிலை மணம் என் முகத்தில் அடித்தது.

"கறள் இல்லாட்டி?" என்று கேட்டான்.

"இல்லாட்டி ஹேண்டில் உனக்கு."

"இருந்தா?"

"இருந்தா நீ முற்றத்தில இருந்து வெத்தில போடு."

பெட்டி ஆணியை விட்டு வெளியே வந்து எங்கள் கைகளில் பாரமாய் இறங்கிய நேரம் அவன் பக்கம் சட்டென்று தாழ்ந்தது. என் பெருவிரல் நசிந்தது. கை வழுக்கிவிட்டதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே படுத்தபடியே அவன் முகத்தில் குத்தியிருப்பேன், மற்றக் கையில் பெட்டி இல்லாதிருந்தால். அந்த நகம் இன்றைக்கும் கோணல்தான். யாராவது என்ன நடந்ததென்று கேட்டால் மச்சானின் கை வழுக்கியது என்றுதான் சொல்வேன்.

தண்டு வெளியே வந்தது. அதன் பற்களில் கறள் அப்பிக் கிடந்தது. நடுத்தட்டின் துளையும் அப்படியே. நான் அதை உடனே துடைக்கவில்லை. முதலில் மாமி பார்க்கட்டும் என்று அப்படியே உமி மூட்டையில் வைத்தேன். காத்திருந்த நேரத்தில் ஒரு பூவரசங்கட்டையைச் செதுக்கி, கூட்டின் அடித்துளைக்குப் பொருந்தும்படி ஒரு தக்கை செய்தேன். வெள்ளிக்கிழமை தண்ணீரில் இறக்கும்போது இதைத் துளையில் இறுக்கிவிட வேண்டியது, கரையேறியதும் கழற்ற வேண்டியது. மாமியின் சடங்கும் கெடாது, கிளச்சும் கெடாது. சண்டை பிடிக்கத் தெரிந்தவன்தான் நான், ஆனால் சமாதானத்துக்கும் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மனைவி போய்க் கூப்பிட, மாமி முற்றத்துக்கு வந்தார். தண்டின் பக்கத்தில் குந்தி, சுட்டுவிரலால் பல்லோரம் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார்.

தூணுக்குச் சொல்லவில்லை, கோழிக்கும் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நசிந்த விரலின் நோவே தெரியவில்லை. மடியிலிருந்த தக்கையை எடுக்கக் கையை வைத்தேன்.

அப்போது மாமி எழும்பி என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கண்களை நான் அதற்கு முன் நேரே பார்த்ததில்லை.

"மருமகன், நீங்க சொன்னதுதான் சரி. வருத்தம் லொறிக்குத்தான்." மூச்சு விட்டுக்கொண்டார். "வருத்தம் கண்டுபிடிக்கிற ஆள் கீழ இரிக்கணும். மேல இரிக்க மகன் போதும். முதலாளியும் உங்கள மேல வேணாமெண்டிட்டார். மறுகா என்ன செய்யிற?"

"அப்ப வெள்ளிக்கிழம கழுவுறத நிப்பாட்டுறதாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"அத எப்பிடி நிப்பாட்ட ஏலும்? கறள் பிடிச்சா மருமகன் இரிக்கிறார்தானே."

இவ்வளவும் 'நீங்க' போட்டு, மருமகன் என்று அழைத்து, மிக மரியாதையாகச் சொன்னார். கோழியைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மடியில் வைத்த கையை வெறுமையாக எடுத்தேன்.

தண்டை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மினுங்கும்வரை தேய்த்து, மெல்லியதாய்க் கிறீஸ் பூசி, வெள்ளி இரவு எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினேன். கழற்றிக் கிடந்ததால் அந்த வாரம் மட்டும் லொறி குளிக்கவில்லை. பிழையாகப் பூட்டிவிடலாமா என்ற நினைப்பு வராமல் இல்லை. பிழையாகப் பூட்டினால் மச்சான் சொன்னது மெய்யாகிவிடும். சரியாகப் பூட்டினால் மச்சான் நன்றாக ஓட்டுவான். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்குத்தான் வெற்றி. சரியாகவே பூட்டினேன், வேறு விதமாகப் பூட்ட என் கைக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிய ஹேண்டில் வாசற்படியில் கிடந்தது. மச்சான் எடுத்தான். நான் பின்னால், அவன் வழக்கமாய் உட்காரும் சாக்குகளின் மேல் ஏறிக்கொண்டேன். பாதையில் அதே மாட்டுவண்டி, அதே முதலாளி. மச்சான் தண்ணீரைக் கடந்து பலகையில் ஏறினான், கிளச்சை மிதித்தான், லொறி சொன்ன இடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னே எடுக்க வேண்டியிருந்தது. பின் கியர் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. அந்தச் சத்தமில்லாமையை உண்டாக்கியவன் நான். சாக்கில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவனும் நான்.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி பாதைக்காரர்களைப் பார்த்து. "ஆள மாத்தினதும் லொறி அடங்கிட்டு. நான் சொன்னனே, பழுது லொறியில இல்ல, ஓட்டினவர்ர கால்லதான் எண்டு."

மச்சான் திருத்தவில்லை. அவன் வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"கிளச்சக் கழட்டிச் செஞ்சது நான்," என்று மேலேயிருந்து சொன்னேன்.

"ஓம் ஓம்," என்றார் முதலாளி. "கழட்டிச் செய்யிற அளவுக்குப் பழுதாக்கி வச்சிருந்தீங்களே, தம்பி!"

பாதைக்காரர்கள் சிரித்தார்கள். கறுத்துப்போன பெருவிரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டு அக்கரை வரும்வரை நான் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பாதையில் இருந்த அத்தனை பேரையும், மாடுகள் உட்பட, நான் வெறுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் லொறி வாவிக்கு இறங்கியது. மச்சான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வைக்கோலால் அதைத் தேய்த்தான். தண்ணீர் அச்சைத் தொட்டு மேலே ஏறியது. நான் கரையில் ஒரு தோணியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். தக்கை என் மடியில் இருந்தது. நான் அதைச் செதுக்கியதை மனைவி பார்த்திருந்தாள். எதற்கென்றும் அவளுக்குத் தெரியும். தாயிடம் சொல்லியும் இருக்கிறாள் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது.

மாமி விபூதித் தட்டோடு தண்ணீரின் ஓரத்தில் வந்து நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. வாவியைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக,

"அந்தத் துளைக்கு வைக்க ஒரு தக்கை இரிக்காமே. அத ஆராவது தந்தா நல்லம்," என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். மச்சான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். மாமி காத்துக்கொண்டு நின்றார்.

என்னைக் கேட்கவில்லை, வாவியைத்தான் கேட்டார். வாவி பதில் சொல்லட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன்.